எதிரே ஆள் இல்லாத போர்க்களம்: தனியாக ஆடும் ரோமானியப் போர் ஆட்டத்தில் வரும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

மேசையின் ஒரு பக்கம் ரோமானிய லீஜியன் என்ற பெரும் படைப்பிரிவு, எதிர்ப்பக்கம் ரோமின் எதிரியான கார்த்தேஜ் நகரத் தளபதி ஹன்னிபலின் படை. பெயிண்ட் அடித்து, பேஸில் (பொம்மைகளைத் தாங்கும் தட்டையான அடித்தகடு) ஒட்டி, மணல் தூவி, மாதக்கணக்கில் உழைத்து நிறுத்திய பொம்மைகள். சேர்ந்து ஆட ஊரில் ஆள் இல்லை, அதனால் இரண்டு படையையும் நீங்களே நகர்த்துகிறீர்கள். முதல் ஆட்டம் நன்றாகப் போகிறது. மூன்றாவதில் ஏதோ இடிக்கிறது. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பொம்மைகள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

இப்படி நின்றுபோன பலரிடம் பேசியிருக்கிறேன். விதிகளை மாற்றினால் சரியாகும் என்று புதுப் புத்தகம் வாங்குகிறார்கள், சரியாவதில்லை. நான் பார்த்தவரை முக்கால்வாசிச் சிக்கலுக்கு வேர் ஒன்றுதான். இரண்டு தளபதிகளுக்கும் நம் கண்ணைக் கொடுத்துவிடுகிறோம். நாம் மேலே நின்று களம் முழுவதையும் பார்க்கிறோம். ஹன்னிபலிடம் ரோம் தோற்ற கன்னே போர்க்களத்தில் நின்ற ரோமானியத் தளபதிக்குத் தெரிந்தது முன்வரிசை வீரர்களின் முதுகும், காற்று முகத்தில் அள்ளி வீசிய புழுதியும்தான். அணி வகுத்து எக்காளம் ஊதியபின் அந்தக் காலத் தளபதியின் கையில் மிஞ்சியது கொஞ்சம். இருப்புப் படையை எப்போது விடுவது, தான் எங்கே போய் நிற்பது, அவ்வளவுதான். ஆகவே சில முடிவுகளை உங்கள் கையிலிருந்து பிடுங்கிப் பகடையிடம் கொடுத்தால் ஆட்டம் உண்மைக்கு இன்னும் நெருங்கி வரும். கீழே சொல்லும் தீர்வுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

நான் ஆடுவது பெரும்பாலும் 1990-இல் வந்த டி.பி.ஏ. என்ற பழங்காலப் போர் ஆட்ட விதிகளை வைத்து. ஒரு படைக்கு 12 பேஸ்கள், 15 மி.மீ. பொம்மைகளுக்கு ஒவ்வொரு பேஸும் 40 மி.மீ. அகலம், இரண்டடிக்கு இரண்டடி மேசை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குத்தான் நகர்த்தலாம். ஒட்டி நிற்கும் ஒரு வரிசை முழுவதும் ஒரே நகர்த்தலில் முன்னேறலாம், பிரிந்து நிற்பவற்றுக்குத் தனித்தனியாகச் செலவு. அந்த ஒற்றைப் பகடையைக் கீழே கட்டளைப் பகடை என்றும், அதில் விழும் எண்ணிக்கையைக் கட்டளைப் புள்ளிகள் என்றும் சொல்கிறேன். நீங்கள் வேறு விதிகளில் ஆடினாலும் இந்தத் தீர்வுகள் பொருந்தும்.

அறிகுறி: எனக்குப் பிடித்த படையே எப்போதும் ஜெயிக்கிறது

முதலில் இது பகடையின் வேலையா, உங்கள் வேலையா என்று பாருங்கள். ஒரே களத்தை ஐந்து முறை ஆடி முடிவை நோட்டில் எழுதுங்கள். கூடவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று கைபேசியில் பாருங்கள். பிடித்த படைக்கு இரண்டு நிமிடம், மற்றதற்குப் பத்து நொடி என்று இருக்கும். பாரபட்சம் அந்த யோசனை நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் முப்பது நொடி என்று அலாரம் வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதிக்கு, தளபதிகளுக்குக் குணம் கொடுங்கள். நான் ஒவ்வொரு தளபதிக்கும் 1 முதல் 5 வரை ஒரு துணிச்சல் எண் எழுதிவைப்பேன். அடிக்கலாமா காத்திருக்கலாமா என்ற இடம் வரும்போது இரண்டு வழிகளையும் தாளில் எழுதிவிட்டுப் பகடை உருட்டுவேன். எண்ணுக்குள் விழுந்தால் துணிந்த வழி, மேலே போனால் பத்திரமான வழி. எழுதிய பிறகுதான் உருட்ட வேண்டும். முதலில் உருட்டிவிட்டு 'நாலு விழுந்ததே, அப்படியென்றால் என்ன செய்யலாம்' என்று யோசித்தால் மறுபடி உங்கள் விருப்பம்தான் ஜெயிக்கும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? வரலாற்றிலேயே கிடக்கிறது. கி.மு. 218-இல் ஹன்னிபலை எதிர்த்து ட்ரெபியா ஆற்றங்கரையில் இருந்த கான்சல் (ரோமின் இரண்டு ஆண்டுத் தலைவர்களில் ஒருவர்) செம்ப்ரோனியஸுக்குப் பதவிக்காலம் முடியப் போகிறது. அடுத்த கான்சல்கள் வருவதற்குள் வெற்றியைத் தன் பெயரில் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம். காயம்பட்டுக் கிடந்த சக கான்சல் பொறுக்கச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவருக்கு 5. ஹன்னிபலை விடாமல் பின்தொடர்ந்தும் மோதாமல் காலம் கடத்திய ரோமானியத் தளபதி ஃபேபியஸுக்கு 1. கன்னேயில் இன்னும் அழகான வாய்ப்பு உண்டு. அங்கே வாரோ, பவுலஸ் என்ற இரண்டு கான்சல்களும் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமை ஏற்றார்கள். போர் தொடங்கும் முன் பகடை உருட்டுங்கள். ஒற்றைப்படை என்றால் வாரோவின் நாள், எண் 5. இரட்டைப்படை என்றால் பவுலஸின் நாள், எண் 2. ஒரே களம், ஒரே பொம்மைகள், ஆனால் எதிரே நிற்பது யார் என்று மேசையில் உட்காரும்வரை உங்களுக்கே தெரியாது.

மூன்றாவதாக ஒரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது: நிபந்தனை உத்தரவு. கி.மு. 48-இல் ரோமானிய உள்நாட்டுப் போரில், ஃபார்சலஸில் சீசரின் எதிரி பாம்பியின் குதிரைப்படை சீசருடையதைப் போலப் பல மடங்கு. அது தன் வலது பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வரும் என்று ஊகித்த சீசர், மூன்றாம் வரிசையிலிருந்து சில கோஹார்ட்டுகளை (லீஜியனின் உட்பிரிவுகள்) உருவி, கண்ணில் படாதபடி நான்காவது வரிசையாக நிறுத்தினார். தன் குதிரைப்படை பின்வாங்கியதும் அவர்கள் பாய்ந்தார்கள். போர் அங்கேயே தீர்மானமாகிவிட்டது. நீங்களும் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு உத்தரவு எழுதி மடித்து வைத்துவிடுங்கள். 'இது நடந்தால் இந்தப் பிரிவு இதைச் செய்யும்.' ஆட்டம் தொடங்கியபின் அதைத் திருத்தக் கூடாது. முந்தைய நாள் இரவு எழுதிவைப்பது இன்னும் நல்லது. தூங்கி எழுந்தவருக்கு எதிர்ப்பக்கத்தின் மீது இருந்த கரிசனம் கொஞ்சம் மாறியிருக்கும்.

அறிகுறி: மறைந்திருக்கும் படை எங்கே என்று எனக்கே தெரியுமே

தனியாட்டத்தில் எல்லோரும் முதலில் கைவிடுவது பதுங்கித் தாக்குவதை. ரோமானிய வரலாற்றிலிருந்து அதை எடுத்துவிட்டால் ட்ரெபியாவும் இல்லை, ஹன்னிபல் ஏரிக்கரையில் பதுங்கித் தாக்கிய ட்ராசிமீனும் இல்லை. சீட்டுக்கட்டு ஒன்று இருந்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

ட்ரெபியாவில் ஹன்னிபலின் தம்பி மேகோ, ஆயிரம் காலாட்களோடும் ஆயிரம் குதிரைகளோடும் முட்புதர் மூடிய ஓர் ஓடைக்கரையில் பதுங்கியிருந்தார். களத்தில் பதுங்கக்கூடிய ஆறு இடங்களைக் குறியுங்கள். ஓடை, நாணல், பள்ளம் என்று இருந்தால் போதும். ஆறு சீட்டு எடுங்கள், அதில் ஒன்று மட்டும் ஆஸ். குலுக்கி, பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். நான்காவது சுற்றிலிருந்து கார்த்தேஜின் பக்கம் ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால், இன்னொரு பகடை எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்தச் சீட்டைத் திருப்புங்கள். ஏற்கெனவே திருப்பிய இடம் என்றால் மறுபடி உருட்டுங்கள். ஆஸ் வந்தால் மேகோ அங்கிருந்து எழுகிறார். ரோமானியப் பிரிவு ஏதாவது ஒரு சீட்டை ஒரு பேஸ் அகலத்துக்குள் நெருங்கினால் அதையும் உடனே திருப்ப வேண்டும்.

'ஹன்னிபலுக்குத் தம்பி இருக்கும் இடம் தெரியாதா?' என்று கேட்கலாம். இடம் தெரியும். நேரம் அவர் கையில் இல்லை. ஓடைக்குள் குனிந்திருப்பவனுக்குக் களம் தெரியாது, களத்திலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லவும் முடியாது. அந்தத் தாமதம்தான் பகடை.

போன மார்கழியில் இதை ஆடினேன். ரோமானியர் ஆற்றைக் கடந்து நனைந்து வந்தவர்கள், அதனால் முதல் இரண்டு சுற்றுக்கு அவர்களுடைய கட்டளைப் பகடையில் ஒன்று குறைத்திருந்தேன். அன்று காலை சாப்பிடக்கூட விடாமல் செம்ப்ரோனியஸ் அவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்தார் என்பது வரலாறு. நான்காம் சுற்றில் வலப்பக்க நாணல் திரும்பியது, வெறும் சீட்டு. ஐந்தாம் சுற்றில் அதற்கடுத்த பள்ளம், அதுவும் வெறும் சீட்டு. மிச்சம் நான்கில் மூன்று இடப்பக்கம் இருந்தன. அதனால் பின்வரிசையில் இருந்த இரண்டு ட்ரையாரி (மூத்த வீரர்கள்) பேஸ்களையும் இடப்பக்கம் பார்க்கத் திருப்பினேன். மூன்று கட்டளைப் புள்ளிகளில் இரண்டு அதற்கே போனது. ஏழாம் சுற்றில் 6 விழுந்தது, இடத்துக்கு 2 விழுந்தது. வலப்பக்க ஓடை. சீட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கும்போதே சிவப்பு தெரிந்துவிட்டது. ஹார்ட்டின் ஆஸ். ட்ரையாரிகளின் முதுகுக்கு நேர் பின்னால். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், ஆனாலும் எதிர் நாற்காலியை நிமிர்ந்து பார்த்தேன்.

ட்ராசிமீனுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே பதுங்கியிருந்தது முழுப் படை. அதை இரண்டு பக்கமாக ஆடவே வேண்டாம். ரோமானியரை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடுபனிக்குள் எத்தனை பேஸ்களை மேசையின் மறுகோடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள் என்பதையே வெற்றியாக வையுங்கள். அன்று முன்னணியில் சென்ற சுமார் 6,000 பேர் உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

அறிகுறி: இரண்டு வரிசையும் நடுவில் முட்டிக்கொண்டு பகடை மட்டும் உருளுகிறது

மேசையை ஒருமுறை மேலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் வரிசை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீண்டிருக்கிறதா? அப்படியென்றால் விலாப்புறம் என்ற ஒன்றே இல்லை. சுற்றி வர வழியில்லாத களத்தில் வேறென்ன நடக்கும்? இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு பேஸ் அகலம் காலியாக விடுங்கள். பேஸ் போதாமல் நடுவில் மெலிகிறது என்றால் மெலியட்டும். எங்கே கனம் வைப்பது, எங்கே மெலிவது என்பதுதான் தளபதியின் வேலை.

அடுத்த காரணம், எல்லா லீஜியன் பேஸ்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. கார்த்தேஜோடு போரிட்ட காலத்து ரோமானியப் படை அப்படி நிற்கவில்லை. பழங்கால வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்லும் கணக்குப்படி ஒரு லீஜியனில் முன்வரிசை ஹஸ்தாட்டி 1,200 பேர், நடுவரிசை ப்ரின்கிபெஸ் 1,200 பேர், கடைசியில் ட்ரையாரி 600 பேர், எல்லோருக்கும் முன்னே எறிஈட்டியோடு ஓடும் இளைஞர்களான வெலிட்டெஸ் 1,200 பேர். கடைசி வரிசைதான் தொல்படை. பல போர் பார்த்த, வயதில் மூத்த ஆட்கள். நிலைமை கைமீறிப் போனால் 'ட்ரையாரிவரை வந்துவிட்டது' என்று ரோமில் சொல்வழக்கே இருந்தது. என் பன்னிரண்டில் ஹஸ்தாட்டி மூன்று, ப்ரின்கிபெஸ் மூன்று, ட்ரையாரி இரண்டு, வெலிட்டெஸ் இரண்டு, குதிரை இரண்டு.

களைப்பைக் கணக்கில் எடுங்கள். ஒரு பேஸ் இரண்டு சுற்று சண்டையிட்டும் முடிவு வரவில்லை என்றால் அதன் பின்னால் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். ஒரு கொட்டைக்குச் சண்டையில் ஒன்று குறையும். பின்வரிசை முன்னே வந்து மாற்றிக்கொள்ள ஒரு கட்டளைப் புள்ளி செலவு. மாறும் நேரத்தில் எதிரி ஒரு பகடை உருட்டி 6 போட்டால், மாற்றம் குழப்பத்தில் முடிந்து இரண்டுக்குமே ஒரு கொட்டை. போருக்கு நடுவே அந்த வரிசைகள் எப்படி இடம் மாறின என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் களைத்தவன் பின்னே போகவும் புதியவன் முன்னே வரவும் வழி இருந்தது என்பதுதான் ரோமின் பலம். அது மேசையில் தெரிய வேண்டும். எதிரியிடம் அந்த வசதி இல்லை, அதனால் அவர்கள் சீக்கிரம் முடித்தாக வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே இரண்டு படைகளும் இரண்டு விதமாக யோசிக்கத் தொடங்கிவிடும். நடுவே முட்டிக்கொண்டு நிற்பதுகூட ஒரு பக்கத்துக்கு லாபம், மறுபக்கத்துக்கு நஷ்டம் என்று ஆகிவிடுகிறது.

இதோடு சேர்த்து ஒரு சின்ன விதி. கி.மு. 197-இல் கினோசெபலேயில், அந்தப் பெயருக்கு நாய்த்தலைகள் என்று பொருள், குன்றின் மேல் மாசிடோனிய ஈட்டிப்படை ரோமானியரின் இடது அணியைக் கீழே தள்ளிக்கொண்டு வந்தது. அப்போது வெற்றி பெற்றுக்கொண்டிருந்த வலது அணியிலிருந்து ஒரு ட்ரிப்யூன் (படை அதிகாரி), யாரும் சொல்லாமலே, இருபது மானிப்பிள்களைத் (லீஜியனின் சிறு பிரிவுகள்) திருப்பிக் கொண்டுபோய் அந்த ஈட்டிப்படையின் முதுகில் மோதினார். நீண்ட ஈட்டிகளைத் திருப்ப அவர்களால் முடியவில்லை. அந்த ட்ரிப்யூனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. என் மேசையில் ரோமானியருக்கு ஆட்டத்தில் ஒருமுறை, கட்டளைப் பகடையில் 6 விழுந்தால், சண்டையில் இல்லாத ஒரு பேஸ் கணக்கில் சேராமல் ஒரு நகர்வு போகும். எந்தப் பேஸ் என்பதையும் பகடைதான் சொல்லும். பல சமயம் பயனில்லாத பேஸ் நகரும். பயனுள்ளது நகரும் நாளில் ஆட்டத்தின் கதையே மாறிவிடுகிறது.

அறிகுறி: ஜெயித்த குதிரைப்படை உடனே திரும்பி வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது

எதிரியின் குதிரையை விரட்டியவுடன் நீங்கள் கடிவாளத்தை இழுத்து எதிரிக் காலாட்களின் முதுகுக்குத் திருப்புகிறீர்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது சுலபம். துரத்துகிறவனுக்கு முன்னால் ஓடுகிறவன் மட்டும்தான் தெரியும். கி.மு. 190-இல் மக்னீசியாவில் செலூசிட் அரசர் மூன்றாம் ஆண்டியோகஸ் ரோமானியரின் இடது அணியை உடைத்துக்கொண்டு அவர்களுடைய முகாம்வரை போய்விட்டார். அவர் முகாமோடு மோதிக்கொண்டிருந்தபோது பின்னால் அவருடைய படை அழிந்துகொண்டிருந்தது. ராஃபியாவில் கி.மு. 217-இல் இதே தவற்றைச் செய்தவர்தான் அவர். மறுபுறம், கன்னேயில் ஹன்னிபலின் தளபதி ஹஸ்த்ருபாலின் கனத்த குதிரைப்படை ரோமானியக் குதிரையை உடைத்தபின் களத்தைச் சுற்றி மறுபக்கம் போய், பிறகு லீஜியன்களின் முதுகில் விழுந்தது. அது அரிதான ஒழுங்கு. அதனால்தான் இன்றும் பேசுகிறோம்.

ஆகவே ஜெயித்ததும் உருட்டுங்கள். 1, 2 என்றால் துரத்திக்கொண்டே மேசையை விட்டுப் போய்விட்டது, திரும்பாது. 3, 4 என்றால் மூன்று சுற்று கழித்துத் திரும்பும். 5, 6 என்றால் நின்று உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும். ஹன்னிபலின் தேர்ந்த தளபதிகளுக்கு ஒன்று கூட்டுங்கள். அரசரே முன்னால் நின்று பாய்ந்திருந்தால் ஒன்று குறையுங்கள். ஹன்னிபல் ரோமிடம் தோற்ற ஜாமாவை ஆடும்போது இந்த விதி இல்லாமல் ஆடவே ஆடாதீர்கள். அங்கே ரோமானியர் பக்கக் குதிரைப்படைத் தலைவர்கள் லேலியஸும் மசினிஸ்ஸாவும் குதிரைகளோடு எப்போது திரும்புவார்கள் என்ற கேள்வியில்தான் மொத்தப் போரும் தொங்கியது.

அறிகுறி: யானைகள் ஒன்று எல்லாவற்றையும் மிதிக்கின்றன, அல்லது எதற்கும் உதவுவதில்லை

யானையை உங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் தவறு. முதல் நகர்வு மட்டும் உங்களுடையது. எறிஈட்டியோ அம்போ பட்டபின் ஒவ்வொரு சுற்றும் பகடை: 1, 2 நேராக, 3 இடம், 4 வலம், 5 அங்கேயே நிற்கும், 6 திரும்பித் தன் படைக்குள்ளேயே. ஜாமாவில் ஹன்னிபலிடம் 80 யானைகளுக்கு மேல் இருந்தன. ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ மானிப்பிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி இடையே சந்து விட்டார். எக்காளச் சத்தத்தில் மிரண்ட சில யானைகள் திரும்பிக் கார்த்தேஜின் இடது அணியையே கலைத்தன. நீங்களும் சந்து விட்டு நிறுத்தினால், நேராகப் போகும் யானை அதன் வழியே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்து விட்டதற்கு விலையாக அந்த வரிசை அகலமாகி ஓரம் மெலியும்.

அறிகுறி: கோல் (இன்றைய பிரான்ஸ் பகுதி) இனத்தவரும் பிரிட்டன்களும் ஆடவே வரவில்லை

இவர்களைத் திறமையாக ஆட முயல்வதால்தான் வரவில்லை. தனியாட்டக்காரருக்குக் கிடைத்த பெரிய வரம் இந்தப் படைகள். ஏனென்றால் இவர்களைக் கிட்டத்தட்ட முழுவதும் பகடையிடம் விட்டுவிடலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு சுற்றும்: 1 என்றால் நின்று கேடயத்தைத் தட்டி முழங்கும், நகராது. 2, 3 பாதித் தூரம் முன்னேறும். 4 முதல் 6 வரை மிக அருகிலுள்ள ரோமானியரை நோக்கி முழு ஓட்டம். முதல் மோதலில் ஒன்று கூடுதல், அதற்குப் பிறகு இல்லை. உங்கள் கைக்கு வருவது அணிவகுப்பு மட்டும்.

இதை ஆடிப் பழகச் சிறந்த களம் கி.மு. 57-இன் சாம்ப்ர் ஆறு. தனியாக ஆட வருகிறவர்கள் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். சீசரின் ஆறு லீஜியன்கள் மேட்டில் முகாம் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆற்றின் எதிர்க்கரைக் காட்டுக்குள் நெர்வி இனத்தவரும் கூட்டாளிகளும். திடீரென்று வெளியே பாய்ந்து, சரிவில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மேட்டில் ஏறிவிட்டார்கள். கேடயத்தின் உறையைக் கழற்றக்கூட நேரமில்லை என்று சீசரே எழுதுகிறார். சிப்பாய்கள் தங்கள் கொடியைத் தேடிப் போகாமல், எந்தக் கொடி கண்ணில் பட்டதோ அதன் கீழ் நின்றார்கள்.

மேசையில் ஒவ்வொரு லீஜியனுக்கும் இரண்டு பேஸ். தொடக்கத்தில் ஒவ்வொரு பேஸுக்கும் உருட்டுங்கள். 4-க்கு மேல் விழுந்தால் அணியில் நிற்கிறது, இல்லையென்றால் மண்வெட்டியோடு சிதறி நிற்கிறது, இரண்டு சுற்றுக்குச் சண்டையில் இரண்டு குறையும். சீசர் ஒரு தனிப் பொம்மை. அவர் போய் நிற்கும் பேஸுக்கு ஒன்று கூடும். ஆனால் அந்தப் பேஸ் தோற்றால் அவருக்கும் ஆபத்து. வலது ஓரத்தில் ஏழாவதும் பன்னிரண்டாவதும் சூழப்பட்டபோது, அவர் பின்வரிசை வீரன் ஒருவனின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். இடது ஓரத்தில் ஜெயித்துவிட்ட பத்தாவது லீஜியன் ஆற்றுக்கு அப்பாலிருந்து எப்போது திரும்பும் என்பதற்குக் குதிரைப்படைக்குச் சொன்ன அதே பட்டியல் போதும்.

இந்தக் களத்தில் எதிரியாக யோசிக்க வேண்டிய தேவையே எழாது. அலை போல வருகிறார்கள், அலையைப் பகடை அனுப்புகிறது. நீங்கள் சீசரின் கண்ணளவு மட்டும் பார்க்கிறீர்கள்.

ரோமை எதிர்த்த பிரிட்டன் அரசி பூடிக்காவின் கடைசிப் போரை ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன்கள் குடும்பங்களை ஏற்றி வந்த வண்டிகளைக் களத்தின் பின்னால் நிறுத்தியிருந்தார்கள், தோற்று ஓடும்போது அவையே வழியை அடைத்தன. வண்டிகளை மேசையில் வைக்க மறக்காதீர்கள். அவற்றின் மீது தள்ளப்படும் குழு அழிந்தது.

அறிகுறி: பார்த்தியர்களோடு (பாரசீகப் பகுதியை ஆண்டவர்கள்) ஆடினால் ஆட்டம் முடிவதே இல்லை

குதிரை வில்லாளிகள் அருகே வந்து எய்துவிட்டு விலகுகிறார்கள், நீங்கள் துரத்துகிறீர்கள், அவர்கள் மறுபடி விலகுகிறார்கள். கி.மு. 53-இல் கர்ரேயில் ரோமானியத் தளபதி கிராஸஸுக்கு நடந்தது இதுதான். அம்பு தீர்ந்துவிடும் என்று அவர் நம்பினார், ஒட்டகங்களில் அம்புக் கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. இதற்குச் சுற்றுக் கணக்கு மட்டுமே தீர்வு. பதினைந்தாவது சுற்றில் இருட்டிவிடும். அதுவரை பாதிப் பேஸ்கள் நின்றால் ரோமானியருக்கு வெற்றி. இரவில் பார்த்தியர்கள் விலகிப் போனார்கள் என்பது வரலாறும்கூட.

அறிகுறி: பாதியில் நிறுத்தியவை மறுபடி தொடங்குவதில்லை

பெரும்பாலும் பேஸ்கள் அதிகம். பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள், நான்கு இழந்த பக்கம் தோற்றது என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுந்து போகும்போது இரண்டு படம் எடுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அடுத்து யாருடைய முறை என்பதைத் துண்டுத் தாளில் எழுதிப் பகடைக்குக் கீழே வையுங்கள். படத்தில் அது மட்டும் தெரியாது, எல்லோரும் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அறிகுறி: பொம்மைகளே உடைகின்றன

உலோகப் பொம்மை பேஸிலிருந்து பெயர்ந்து வருகிறதென்றால் சூப்பர் குளூ வழவழப்பான பரப்பில் ஒட்டியிருக்கிறது. பொம்மையின் அடியையும் பேஸையும் உப்புத்தாளால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், காய்ந்தபின் சுற்றிலும் ஃபெவிகாலும் மணலும். பிளாஸ்டிக் ஈட்டி வளைந்தால் வெந்நீரில் சில நொடி காட்டி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். உலோக ஈட்டியை அடிக்கடி நிமிர்த்தினால் முறிந்துவிடும், அதற்குப் பதில் மெல்லிய கம்பி வைத்துவிடுவது மேல். மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் வெள்ளையாகப் பூத்துச் சொரசொரவென்று நிற்கும். காற்றில் ஈரம் குறைந்த நாளுக்குக் காத்திருங்கள், இல்லையேல் தூரிகையால் பூசும் பிரைமர் வாங்குங்கள். நகர்த்தும்போது எப்போதும் பேஸைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். களைப்புக்குப் புளியங்கொட்டை சொன்னதும் காரணத்தோடுதான். தாள் வில்லைகள் மின்விசிறியில் பறந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மனம் ஒட்டவில்லை

இதுதான் கடைசியில் வருவது, ஆளையும் இதுதான் ஆட்டத்தை விட்டுப் போகவைக்கிறது. விதிகள் ஓடுகின்றன, எதிரி எதிரியாக இருக்கிறான், ஆனால் யார் ஜெயித்தால் என்ன என்று ஆகிவிடுகிறது. இங்கே பழுது களத்தில் இல்லை. நேற்று நின்றவனும் இன்று நிற்பவனும் ஒரே ஆள் என்ற தொடர்ச்சி இல்லை, அதுதான்.

ஒவ்வொரு பேஸிலும் ஒரு செஞ்சுரியனுக்கு (நூற்றுவர் படைத் தலைவர்) பெயர் வையுங்கள். பேஸின் அடியில் பென்சிலால் எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் அழிந்த பேஸுக்கு ஒரு பகடை. 1 என்றால் அவர் இறந்தார், 2, 3 என்றால் காயம், அடுத்த ஆட்டத்தில் இல்லை. மற்றவை என்றால் திரும்பி வருகிறார். நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம். எந்தக் களம், என்ன ஆயிற்று, இரண்டு வரி போதும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பப்ளியஸ் செக்ஸ்டியஸ் பாகுலஸ். சீசரின் படையில் இருந்த நிஜமான செஞ்சுரியன். சாம்ப்ர் ஆற்றங்கரையில் பன்னிரண்டாவது லீஜியனின் தலைமைச் செஞ்சுரியனாக, உடம்பெல்லாம் காயத்தோடு நிற்கக்கூட முடியாத நிலையில் அவரை முதல்முறை பார்க்கிறோம். பிறகு ஆல்ப்ஸ் மலையில் முற்றுகைக்குள் சிக்கிய முகாமில் ஓடிவந்து, வாசலைத் திறந்துகொண்டு பாய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று தளபதி கால்பாவிடம் சொல்கிறார். கி.மு. 53-இல் அதுவாடுக்கா முகாமில் ஐந்து நாளாகச் சாப்பிடாமல் நோயில் படுத்திருக்கிறார். ஜெர்மானியக் குதிரைகள் வாசலுக்கு வந்துவிட்ட கூச்சல் கேட்டு, கையில் ஆயுதமில்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வருகிறார். பக்கத்தில் நின்றவரிடம் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். காவலில் இருந்த கோஹார்ட்டின் செஞ்சுரியன்கள் அவர் பின்னால் வந்து நிற்கிறார்கள். பலத்த காயத்தில் மயங்கி விழுந்தவரைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே இழுத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த இடைவெளியில் மற்றவர்கள் தைரியம் பெற்று அரணில் ஏறிவிட்டார்கள்.

மூன்று இடத்தில் சில வரிகள், அவ்வளவுதான் அவரைப் பற்றி இருக்கிறது. என் பன்னிரண்டாவது லீஜியனின் முதல் பேஸுக்கு அடியில் அவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்பது ஆட்டங்களில் நான்கு முறை அந்தப் பேஸ் அழிந்து, இதுவரை 1 விழவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பகடையை உருட்டுவதற்கு முன் கை கொஞ்ச நேரம் நிற்கிறது.